எங்கள் மாப்பிள்ளையும் இரண்டு நியூட்ரலும்

எங்கள் மாப்பிள்ளையை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏணி" என்றால்தான் தெரியும். சைக்கிளின் பக்கவாட்டில் ஒரு நீள ஏணியைக் கட்டிக்கொண்டு வீட்டு ஒயரிங் வேலைக்குப் போவார். முனையில் முதலில் ஏணி திரும்பும், அப்புறம்தான் ஆள் திரும்புவார்.

எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார். கூடத்து விளக்கு கண் சிமிட்டுகிறது என்று கூப்பிட்டோம். வந்தார், சரி செய்தார், போனார். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "எதுக்கும் ஒரு தடவை பாத்துடறேன்" என்று உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஒருநாள் நானே கேட்டுவிட்டேன்.

"ஏம்பா, லைட்டு நல்லாத்தானே எரியுது?"

"எரியுதுங்க. அணைஞ்சா நான் வேணும்ல?"

சமையலறைக்குள்ளிருந்து என் மகள் களுக்கென்று சிரித்தாள். எந்த விளக்கைப் பார்க்க வருகிறார் என்று எனக்கு அந்தச் சிரிப்பில் விளங்கிவிட்டது. நல்ல ஆள், கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். என் மகளுக்கு அதைவிட நீளம். ஜோடி பொருத்தம் சரியாக இருக்கும் என்று நானே முன்னால் நின்று முடித்து வைத்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், ஒரு வீட்டின் மாடிச் சுவரில் வேலை செய்யும்போது ஏணி வழுக்கி, முழங்காலோடு விழுந்தார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் படி ஏறினாலே கால் மடங்க மறுத்தது. இனிமேல் ஏணி பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏணி என்கிற பெயரை வைத்துக்கொண்டு ஏணியில் ஏற முடியாத மனிதரை நினைத்துப் பாருங்கள். சொந்தக்காரர் ஒருவர் ஒரு பெரிய கட்டடத்தின் வாசலில் காவல் வேலை பார்த்துக் கொடுத்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் முகம் வாடிப்போயிருந்தது.

"அத்தை, அங்க நான் எதுக்கு? அந்த நாற்காலிக்கே காவல் காக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

கையில் தொழிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நாற்காலியைத் தேய்த்துக்கொண்டிருப்பதா? எனக்கு மனம் ஒப்பவில்லை. நேராக என் மகனிடம் போனேன். வீட்டுக்குப் பின்னாலேயே அவனுடைய கார் பட்டறை. கியர் பெட்டி வேலையில் அவனை அடிக்க ஆள் கிடையாது, பெற்றவள் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆனால் ஒயர் என்றால் ஒதுங்கிக்கொள்வான். அதற்கு வெளியிலிருந்து ஓர் ஆள் வருவார், நினைத்தால் வருவார், நினைத்தால் வரமாட்டார்.

"உன் தங்கச்சி புருஷனை வச்சுக்கடா. உட்கார்ந்து செய்யிற வேலைதானே?"

"அம்மா, வீட்டு கரண்ட் வேற, வண்டி கரண்ட் வேற."

"கரண்ட்டுல என்னடா வீட்டு கரண்ட், வண்டி கரண்ட்?"

"உனக்குச் சொன்னா புரியாது."

"புரியிற வரைக்கும் இங்கேயேதான் நிப்பேன்" என்று பட்டறை வாசலிலேயே நின்றேன். வண்டியை வெளியே எடுக்க வழியில்லாமல் அவன் இறங்கி வந்தான். "சரிம்மா, ஒரு வண்டி. அதை ஒழுங்கா ஓட வச்சுக் குடுத்தா ஒயர் வேலை பூரா அவனுக்கே. சொதப்பினா அந்த நாற்காலியைக் காலியா வச்சிருக்கச் சொல்லு" என்றான். மாப்பிள்ளையும் சரி என்றார்.

முதல் நாளே சிரிப்பாய்ச் சிரித்தது. சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் டெஸ்டரை எடுத்து ஒரு கார் பேட்டரியில் வைத்தார். எரியவில்லை. "மச்சான், உன் பேட்டரி செத்துப்போச்சு" என்றார் கம்பீரமாக. என் மகன் போய் ஹாரனை ஓர் அமுக்கு அமுக்கினான். பக்கத்துத் தையல்காரர் வரை எழுந்து பார்த்தார். வீட்டு டெஸ்டர் வீட்டு கரண்ட்டுக்குத்தான் எரியுமாம், கார் பேட்டரியின் சின்னக் கரண்ட்டுக்கு அசையாதாம். எங்கள் மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு பழைய கார் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து, புதிதாக ஒரு டெஸ்ட் லாம்ப் செய்து பைக்குள் போட்டுக்கொண்டார். விழுந்தால் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்கிற ஆள்.

அவருக்கு வாய்த்த வண்டி ரொட்டிக்கடை அம்மாவுடையது. அந்தக் காலத்து நீளக் கார், பாசிப் பச்சை நிறம், முன்பக்கம் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். கிளட்சே கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். அந்தத் தானியங்கி கியர் பெட்டி உடைந்துபோய் எங்கேயும் சாமான் கிடைக்கவில்லை. அதே ஜாதிக் கார் ஒன்று உடைப்புக்கு வந்த இடத்திலிருந்து கையால் மாற்றுகிற கியர் பெட்டியை என் மகன் வாங்கி வந்தான். பழையதை இறக்கி இதை ஏற்றி, கிளட்சுக்கென்று மூன்றாவதாக ஒரு பெடலும் மாட்டினான். அவன் பங்கு கனகச்சிதமாக முடிந்தது.

மிச்சம் இருந்தது ஒயர்தான். பழைய கியர் கம்பியின் காலடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி இருந்ததாம். அதிலிருந்து அறுத்துவிட்ட ஒயர்கள் கொத்தாகத் தரையில் கிடந்தன. கனமான ஊதா இரண்டு, மெல்லிசாய்ப் பச்சை இரண்டு, கறுப்பு இரண்டு. பச்சை, பின்னால் போகும்போது எரிகிற வெள்ளை விளக்குக்கு. புதுக் கியர் பெட்டியிலேயே அதற்கு இடம் இருந்தது, கொண்டுபோய் மாட்டிவிட்டார். மற்றதை என்ன செய்வது என்று கேட்டார். காருக்கு அடியில் படுத்திருந்த என் மகன் அங்கிருந்தே கத்தினான்.

"நியூட்ரல் ஒயர் ரெண்டையும் ஒண்ணா முறுக்கிடு மாப்ள! அவ்வளவுதான்!"

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்!"

முறுக்கினார், டேப் சுற்றினார். அவர் சுற்றிய டேப்பைப் பார்த்தால் கடையில் வாங்கிய மாதிரி இருக்கும். என் மகன் எழுந்து வந்து சாவியைத் திருப்பினான். சத்தமே இல்லை. டுக் என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை.

"நியூட்ரலைச் சேத்தியா?"

"சேத்துட்டேன் மச்சான்."

"நல்லாச் சேத்தியா?"

"இழுத்துப் பாரு, வராது."

அப்படியென்றால் இன்ஜினைக் கிளப்பிவிடுகிற செல்ஃப் மோட்டாரில்தான் கோளாறு என்று அதைக் கழற்றினான். தனியாக வைத்துப் பார்த்தால் ஜம்மென்று சுற்றியது. மறுபடி மாட்டினான். பேட்டரியை மாற்றினான். சாவி போடுகிற இடத்தைப் பிரித்தான். நடுநடுவே "நியூட்ரலைச் சேத்ததானே?" என்பான், இவர் "எத்தனை வாட்டி கேப்ப?" என்பார். பொழுது சாய்கிற வரை இதே பாட்டு. மறுநாள் காலையில் ரொட்டிக்கடை அம்மா வந்து நிற்பார்.

டீ கொண்டு வந்த என் மகள் கொஞ்ச நேரம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வளர்ந்தது பட்டறை வீட்டில், வாழ்க்கைப்பட்டது ஒயர்க்காரருக்கு. இருவர் பேச்சும் அவளுக்குத் தெரியும்.

"இரு அண்ணா. நீ சொல்ற நியூட்ரல் எது?"

"என்ன கேள்வி இது? கியர் நியூட்ரல். பழைய கியர்ல வண்டி நியூட்ரல்ல இருந்தாத்தான் ஸ்டார்ட் ஆகும். அதுக்கு வர்ற ஊதா ஒயர் ரெண்டு."

"ஏங்க, நீங்க சேத்த நியூட்ரல் எது?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நியூட்ரல்னா கறுப்புதானே?"

வீட்டு ஒயரிங்கில் கரண்ட் வருகிறது ஒரு கம்பி, திரும்பிப் போகிறது ஒரு கம்பி. திரும்பிப் போகிற கம்பிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் நியூட்ரல், அதற்கு நிறம் கறுப்பு. அவர் அந்தக் கறுப்பு இரண்டையும் சேர்த்திருக்கிறார். அது கியர் எழுத்துக்கு வெளிச்சம் காட்டுகிற சின்ன பல்புக்கு வந்த ஒயராம். எதற்கும் உதவாது, விளக்கைப் போடாத வரை யாருக்கும் கெடுதலும் இல்லை.

என் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. நாளெல்லாம் மோட்டாரைத் தூக்கித் தூக்கி வைத்தவன் அவன்.

"நான் அப்பவே சொன்னேன், வீட்டு கரண்ட் வேற, வண்டி கரண்ட் வேறன்னு. அம்மாதான் கேக்கல. காலையில வெளி ஆளை வரச் சொல்றேன். போதும் மாப்ள, விடு."

"வெளி ஆளு எத்தனை மணிக்கு எந்திரிப்பாரு?"

"ஏன்?"

"அதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சுடறேன்."

"கேட்டியாம்மா பேச்சை?" என்றான் என் மகன் என்னிடம். "கேட்டேன். சரியாத்தான் சொல்றாரு" என்றேன். அவன் துண்டை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

விடிந்ததும் மாப்பிள்ளை காருக்குள் கால்வைக்கிற பள்ளத்தில் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கறுப்பு இரண்டையும் பிரித்துவிட்டு, ஊதா இரண்டையும் சேர்த்து முறுக்கி, கையை எட்டிச் சாவியைத் திருப்பினார். கார் ஒரே எடுப்பில் கிளம்பிவிட்டது. சத்தம் கேட்டுப் பல் விளக்கிக்கொண்டிருந்த என் மகன் நுரை வாயோடு ஓடிவந்தான். உட்கார்ந்து பட்டறைக்குள்ளேயே முன்னால் கொஞ்சம் பின்னால் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தான். அவன் முகத்தில் வெளிச்சம் வந்தது. இன்ஜினை அணைத்து, தரை சாய்வாக இருப்பதால் எப்போதும் செய்கிற மாதிரி முதல் கியரில் போட்டுவிட்டு இறங்கினான்.

"பொழைச்ச மாப்ள. டேப்பைச் சுத்திட்டு வெளிய வா."

இவர் டேப்பை எடுக்கவில்லை. "மச்சான், பழைய கியர்ல இருந்த ஸ்விட்ச்சை கார் செஞ்சவன் எதுக்கு வச்சிருந்தான்?"

"கியர்ல இருக்கும்போது ஸ்டார்ட் ஆகக் கூடாதுன்னு."

"இப்ப நான் ரெண்டையும் சேத்துட்டேனே, கியர்ல இருந்தாலும் ஸ்டார்ட் ஆகுமே."

"ஓட்டுறவங்க கிளட்ச்சை மிதிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுவாங்க. ஊர் உலகத்துல எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. சுத்துய்யா டேப்பை."

"கிளட்ச்சுல ஒரு ஸ்விட்ச் வச்சா, மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும்ல?"

"வேலையை இழுக்காத மாப்ள. அந்தம்மா இப்ப வந்துடும்."

சொல்லி வாய் மூடவில்லை, அந்த அம்மா வந்துவிட்டார். கையில் மாவு வாடை, காலில் ரப்பர் செருப்பு, நடையில் ஒரு வேகம். "முடிஞ்சுதா என் வண்டி?" என்று கேட்டுக்கொண்டே நேராகக் கார் கதவருகில் போனார். கதவைத் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். அது அவருடைய வழக்கமாம். வெளியே நின்றபடி இன்ஜினை ஓடவிட்டு, அது சூடாவதற்குள் ரொட்டித் தட்டுகளைப் பின்னால் ஏற்றுவார். பழைய கியரில் அதனால் ஓர் ஆபத்தும் இருந்ததில்லை.

கார் முன்னால் ஒரு துள்ளு துள்ளியது.

நான் வாசல்படியில் நின்றிருந்தேன். ஆளைத் தாண்டிக் கதவு நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். பின்சக்கரம் அந்த அம்மாவின் காலை நோக்கி வந்தது. இன்னொரு துள்ளல் துள்ளியிருந்தால் ஏறியிருக்கும். உள்ளே உட்கார்ந்திருந்த எங்கள் மாப்பிள்ளை, கை தெரிந்த நொடியே முறுக்கிய ஊதா ஒயரைப் பிய்த்து இரண்டாக இழுத்துவிட்டார். முன்னால் அடுக்கியிருந்த பழைய டயர்களில் மூக்கை வைத்துக்கொண்டு வண்டி நின்றது. டேப் சுற்றியிருந்தால் அந்த இழுப்புக்கு வந்திருக்காது.

அந்த அம்மா குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"என்னய்யா இது? என் வண்டி என்னையே ஏத்தப் பாக்குது?"

மாப்பிள்ளை உள்ளேயிருந்து தலையை நீட்டினார். "அடி ஒண்ணும் படலையேம்மா? கொஞ்ச நேரம் இருங்க, இனிமே இப்படி நடக்காத மாதிரி பண்ணிடறேன். கிளட்ச்சை மிதிச்சாத்தான் சாவி வேலை செய்யும்."

"அப்ப நான் வெளிய நின்னு போட முடியாதா?"

"முடியாதும்மா."

"கல்யாணத்துக்கு முந்தியிலேருந்து இப்படித்தான் போடுறேன். என் இடுப்புக்கு ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்கித் திரும்ப ஏற முடியாது. முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சுக் குடு."

என் மகன் மெதுவாக, "அவங்க கேக்கிற மாதிரியே குடுத்துடலாம் மாப்ள. கியர்ல விடாம நிறுத்தினாப் போதும்னு சொல்லிக் குடுத்தாப் போச்சு" என்றான். அவனுக்குப் பழைய வாடிக்கை போய்விடக் கூடாதே என்ற கவலை. அவன் கவலையும் எனக்குப் புரிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளைக்கு வேலை நிச்சயம். வாடிக்கைக்காரர் சந்தோஷம், மச்சானும் சந்தோஷம். முடியாது என்றால் நாற்காலிதான்.

அவர் காரைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து நின்றார்.

"நான் மாட்டேன் மச்சான். என்னிக்காவது ஒருநாள் மறந்துபோய்க் கியர்ல விட்டுடுவாங்க, அன்னிக்கும் கை ஜன்னலுக்குள்ள போகும். இந்த ஒயரை இப்படியே கட்டி அனுப்பணும்னா வெளி ஆளைக் கூப்பிட்டுக்க. என் கையால கட்ட மாட்டேன்."

"அம்மா, நீயாவது சொல்லு" என்று என் மகன் என்னைப் பார்த்தான்.

"நான் என்னடா சொல்றது? யார் காலுன்னு பாத்தா அந்தச் சக்கரம் ஏறும்? அவரு சொல்றபடி செய்" என்றேன்.

ரொட்டிக்கடை அம்மா என்னை ஒரு முறை முறைத்தார். நானும் முறைத்தேன். அதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. பிறகு அவர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"ரெண்டு தடவை ஏறி இறங்க முடியாதுன்னு சொன்னேனே, அதுக்கு என்ன பண்ணுவ?"

"எதுக்கும்மா ரெண்டு தடவை? ரொட்டியை முதல்ல ஏத்துங்க. அப்புறம் நீங்க ஏறுங்க. வண்டி சூடாகிற வரைக்கும் உள்ள உட்கார்ந்து ஒரு டீ குடிங்க."

"டீயையும் நீயே கொண்டாந்து குடுப்பியா?"

"இன்னிக்கு ஒருநாள் குடுக்கிறேன்" என்று என் மகளைப் பார்த்தார். அவள் "நல்லா இருக்கே கதை, வாக்கு இவரு குடுப்பாரு, டீ நான் குடுக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

அந்த அம்மா ஒரு கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்துகொண்டார். போகிறேன் என்று சொல்லவில்லை. அதுவே போதும் என்று எனக்குத் தோன்றியது.

உடைப்புக் காரிலிருந்து என் மகன் கொண்டுவந்த சாமான்களில் பிரேக்கை மிதித்தால் பின்விளக்கை எரிய வைக்கிற ஸ்விட்ச் ஒன்று கிடந்தது. மாப்பிள்ளை அதைத் தேடி எடுத்துக் கழுவித் துடைத்தார். கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு தகடு வளைத்து அதில் பொருத்தச் சொன்னார். தகடு வளைப்பது என் மகன் வேலை, வளைத்துக் கொடுத்தான். செல்ஃபுக்குப் போகிற கரண்ட் கனமானது, அந்தச் சின்ன ஸ்விட்ச் தாங்காது, அதனால் நடுவில் ஒரு ரிலே வைத்தார். ஸ்விட்ச் ரிலேவைத் தட்டும், ரிலே பாரத்தைச் சுமக்கும். இப்படித்தான் எனக்குச் சொன்னார். ஊதா ஒயர் இரண்டும் அந்த ரிலேயில் போய் உட்கார்ந்தன. டெஸ்ட் லாம்பை வைத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தார். பெடலை மிதித்தால் எரிந்தது, விட்டால் அணைந்தது. அதற்குப் பிறகுதான் டேப்.

"வாங்கம்மா, நீங்களே பாருங்க."

அந்த அம்மா லேசுப்பட்டவரா? கதவைத் திறக்காமல் மறுபடியும் ஜன்னல் வழியாகவே கையை விட்டார். என் மகன் எட்டிப்போய் நின்றுகொண்டான். சாவி திரும்பியது, கார் மூச்சுவிடவில்லை. இன்னொரு தரம் திருப்பினார். ஊஹூம்.

"என்னை நம்பாத வண்டியாக்கிட்டியே!"

"உங்களை நம்பும்மா. உங்க கையைத் தனியா நம்பாது."

அப்போதுதான் அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏறி உட்கார்ந்தார், மிதித்தார், திருப்பினார். பாசிப் பச்சைக் கார் உறுமிக்கொண்டு எழுந்தது. கிளட்ச்சை விடத் தெரியாமல் பட்டறைக்குள்ளேயே கொஞ்சம் குலுங்கியது, அது அவர் பழக வேண்டிய சங்கதி. என் மகள் டீயைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள். அதைக் குடித்துக்கொண்டே என் மகனைக் கூப்பிட்டார்.

"என்கிட்ட முடியாதுன்னு சொல்ற ஆளை நான் பார்த்ததே இல்ல. என் கடையில சொன்னா வேலையை விட்டே அனுப்பிடுவேன். நீ அனுப்பிடாத. உள்ள இருக்கிற கடிகாரம் ஓடல, ஒரு பக்க விளக்கு மங்கலா எரியுது. அடுத்த வாரம் கொண்டாரேன், இவரே பாக்கட்டும்."

என் மகன் தலையை ஆட்டினான். வண்டி போனதும் மூலையிலிருந்த பழைய சாமான் மேசையின் மேல் கிடந்ததையெல்லாம் இரண்டு கையாலும் வாரிக் கீழே தள்ளினான். அந்த மேசையை இழுத்து, ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடத்தில் போட்டான்.

"ஒரு கால் ஆடுது" என்றார் மாப்பிள்ளை.

"அட்டை வச்சுக்க."

"ஸ்டூல் உயரம் பத்தாது மச்சான், என் கால் மடங்காது."

"மேசை குடுத்த உடனே ஸ்டூல் கேக்கிறியா? நாளைக்குப் பட்டறையையே கேப்ப!"

"அதுக்கு அத்தைகிட்ட பேசிக்கிறேன்."

சண்டை மாதிரி இருக்கும், சண்டை இல்லை. இருவரும் இன்றைக்கும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நான் ஸ்டூலின் மேல் ஒரு பழைய தலையணையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹாரன் நிற்காமல் அலறிக்கொண்டே ஒரு லாரி தெருவுக்குள் திரும்பியது. ஓட்டுநர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பட்டறை வாசலில் நிறுத்தி, என் மகனைப் பார்த்து என்னென்னவோ கத்தினார். ஒன்றும் காதில் விழவில்லை. என் மகன் அந்த அலறலுக்கும் மேலே குரலை உயர்த்தி மூலையைக் கை காட்டினான்.

"மாப்ள! வா, உன் வேலை வந்திருக்கு!"